புள்ளிக்குப் புதிர்: பின்னேரப் போட்டி ஒன்றை ஒழுங்கு செய்யும் முறை

சனசமூக நிலையத்து விறாந்தையில் 12 பேர். மூன்று பேராக நாலு குழு, ஒன்பது புதிர், இரண்டு மணித்தியாலம். வன்னியில் நாங்கள் நடத்தும் புதிர்ப் போட்டியின் அளவு இதுதான். இதைவிடப் பெரிதாக்கினால் ஒவ்வொரு குழுவின் வழியையும் நடுவர் உட்கார்ந்து கேட்டு முடிக்க ஏலாது. ஆறு பேருக்குக் குறைந்தாலோ குழுவுக்குள் வாதமே நடக்காது, கெட்டிக்காரர் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவதோடு முடிந்துவிடும். காலபோக அறுவடை முடிந்து சிறுபோக வேலை தொடங்குவதற்கு இடையில் வரும் போயா (முழுநிலா விடுமுறை) நாள்கள் நல்ல வசதி. ஆக்கள் வயலில் இல்லை, மழையும் இல்லை. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினால் லைற் போடாமலே முடிக்கலாம்.

விடையைவிட அதை அடைந்த வழிக்கும், வேறு விடை இல்லை என்று காட்டுவதற்கும் கூடப் புள்ளி கொடுக்கிறோம். இந்த ஒரு முடிவை எடுத்தவுடன் மற்றதெல்லாம் மாறுகிறது: எந்தப் புதிரைத் தெரிவது, எப்படிச் சோதிப்பது, கேள்வியில் எந்தச் சொல்லை விடக்கூடாது, யாரை எழுப்பி விளக்கச் சொல்வது என்று எல்லாமே. அதனால் கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் போட்டிக்கு முந்திய வாரத்து வேலைதான்.

புதிரைச் சோதித்தல்

ஒரு புதிரைப் போட்டிக்கு எடுப்பதற்கு முன், விடை தெரியாத ஒருவர் அதைத் தனியாக உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும். கேள்வியை எழுதியவர் தன் கேள்வியைச் சோதிக்க முடியாது. அவருக்கு விடை தெரிந்திருப்பதால் சொல்லில் உள்ள ஓட்டை கண்ணில் படாது. சோதிப்பவரிடம் மூன்று விஷயம் கேட்கிறோம். எவ்வளவு நேரம் எடுத்தது, எந்த இடத்தில் சொல் மயங்கியது, இரண்டாவது விடை கிடைத்ததா. அவர் எடுத்த நேரத்தின் ஒன்றரை மடங்கைக் குழுக்களுக்குக் கொடுத்தால் சரியாக வரும்.

இரண்டாவது விடை எங்கிருந்து முளைக்கும் என்பதற்கு ஈர்க்குப் புதிர் நல்ல உதாரணம். கல்குலேற்றர் எழுத்தைப் போல ஈர்க்குகளை அடுக்கி 6 + 4 = 4 என்று வைத்து, "ஒரே ஒரு ஈர்க்கை இடம் மாற்றிச் சமன்பாட்டைச் சரியாக்குக" என்று கேட்பது வழக்கம். கனபேர் இதற்கு ஒரே விடைதான் என்று நினைக்கிறார்கள். 6 இன் நடுக்கோட்டை எடுத்து வலது மேல்பக்கம் வைத்தால் அது 0 ஆகும்; 0 + 4 = 4. ஆனால் கூட்டல் குறியின் நெட்டுக் கோட்டை எடுத்து 6 இன் வலது மேல்பக்கம் வைத்தால் 8 - 4 = 4. அதுவும் சரி. 6 இன் இடது கீழ்க் கோட்டை எடுத்தால் அது 5 ஆகிறது; அந்த ஈர்க்கை விடைப் பக்கத்து 4 இன் தலையில் வைத்தால் 5 + 4 = 9. இந்த மூன்றாவது விடை செல்லுமா என்பது நீங்கள் 9 ஐ எப்படி வரைகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அடிக்கோடு இல்லாமல் ஐந்து ஈர்க்கில் வரைந்தால் செல்லும், அடிக்கோட்டோடு ஆறு ஈர்க்கில் வரைந்தால் செல்லாது.

எனவே 0 முதல் 9 வரை எல்லா இலக்கத்தையும் வரைந்த மாதிரித் தாள் ஒன்று ஒவ்வொரு குழுவுக்கும் போக வேண்டும். கேள்வியையும் "எத்தனை வழி உண்டு, எல்லாவற்றையும் காட்டுக" என்று மாற்றிவிட்டால் சண்டை வரவேண்டிய இடத்தில் நல்ல புதிர் வருகிறது. தாளில் 9 ஐ ஐந்து ஈர்க்கில் வரைந்து வைத்தால் மூன்று விடைக்கும் புள்ளி கொடுக்கலாம்.

இந்த அடுக்குக்கு 18 ஈர்க்கு வேண்டும். குழுவுக்கு 20 கொடுங்கள், ஓரிரண்டு முறியும். காய்ந்த தென்னோலை ஈர்க்கின் நடுப்பகுதியை எடுத்து 7 செ.மீ துண்டுகளாக வெட்டுங்கள். நுனிப்பகுதி வளைந்து கோடு கோணலாகும், அடிப்பகுதி தடிப்பு. தீக்குச்சி வேண்டாம். சின்னது, காற்றுக்கு உருளும், மருந்து முனை எந்தப் பக்கம் என்பதும் கண்ணைக் குழப்பும். மேசையில் வைக்காமல் சணல் சாக்குத் துண்டின்மேல் அடுக்கினால் ஈர்க்கு நகராது. உரச்சாக்கு வழுக்கும்.

எழுத்துக்கணக்கு

எழுத்துகளுக்குப் பதில் இலக்கம் போடும் கணக்குகளில் உலகம் அறிந்தது ஆங்கிலேயரான டூடனி 1924 இல் வெளியிட்டது. SEND + MORE = MONEY என்று பணம் அனுப்பச் சொல்லும் மூன்று சொல் அதில் ஒரு கூட்டல் கணக்காக நிற்கும்; விடை 9567 + 1085 = 10652. ஆனால் அதை வைத்தால் பாதிப்பேருக்கு விடை மனப்பாடம். நாங்கள் தமிழ்ச் சொல்லில் செய்து வைத்திருப்பது இது:

கதி × ? = திகதி

ஒவ்வொரு எழுத்தும் ஓர் இலக்கம். ஒரே எழுத்துக்கு ஒரே இலக்கம், வேறு எழுத்துக்கு வேறு இலக்கம். எந்த எண்ணும் பூச்சியத்தில் தொடங்காது. கேள்விக்குறி ஒரு முழு எண். கதி என்ன, திகதி என்ன, எதனால் பெருக்கினோம்?

பார்த்தவுடன் தகவல் போதாது என்றுதான் தோன்றும். கனபேர் 12 இல் தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். வழி இப்படி: திகதி என்பது 100 × தி யோடு கதியைக் கூட்டியது. திகதி கதியால் மீதியின்றிப் பிரிபட வேண்டும் என்றால் 100 × தி யும் கதியால் பிரிபட வேண்டும். இனி தி க்கு 1 முதல் 9 வரை ஒவ்வொன்றாகப் போடுங்கள். தி = 1 என்றால் 1 இல் முடியும் ஓர் ஈரிலக்க எண் 100 ஐப் பிரிக்க வேண்டும்; அப்படி எண் இல்லை. தி = 2 என்றால் 2 இல் முடியும் ஈரிலக்க எண் 200 ஐப் பிரிக்க வேண்டும்; இல்லை. இப்படியே போனால் தி = 5 இல் மட்டும் 25 கிடைக்கிறது, ஏனென்றால் 500 ஐ 25 பிரிக்கும், 20 தடவை. அதோடு ஒன்றைக் கூட்டினால் பெருக்கிய எண் 21. விடை 25 × 21 = 525. ஒன்பதையும் பார்த்து முடித்ததால் வேறு விடை இல்லை என்பதும் அதே கையோடு நிரூபணமாகிறது.

இந்தப் புதிரில் விடக்கூடாத சொல் "பூச்சியத்தில் தொடங்காது" என்பது. அதை எழுதாமல் விட்டால் 01 × 101 = 101, 02 × 101 = 202 என்று ஒன்பதும், 10 × 1 = 010, 20 × 1 = 020 என்று ஒன்பதுமாக இன்னும் பதினெட்டு விடை வரிசையாக வந்து நிற்கும். அவற்றைக் கொண்டுவரும் குழுவை மறுக்க நடுவருக்கு வழியில்லை. தமிழ் எழுத்துக்கே உரிய இன்னொரு விதியும் பலகையில் இருக்க வேண்டும்: உயிர்மெய் ஒவ்வொன்றும் தனி எழுத்து. த வேறு, தி வேறு, த் வேறு. இதைச் சொல்லாவிட்டால் "தி யும் த வும் ஒரே இனம்தானே அண்ணை" என்று ஒரு குழு கட்டாயம் கேட்கும்.

புதிதாக இப்படி ஒன்றைச் செய்ய விரும்புவோர் முதலில் ஒரே எழுத்தில் தொடங்கி முடியும் சொற்களைத் தேடுங்கள். எழுத்து எவ்வளவு திரும்ப வருகிறதோ அவ்வளவுக்கு விடைகள் குறையும். பத்து வெவ்வேறு எழுத்துக்கு மேல் வந்தால் இலக்கம் போதாது.

விதியை முன்பே எழுதவேண்டிய புதிர்கள்

நான்கு 4 களைக் கொண்டு எண்களை ஆக்குவது எல்லா வயதுக்கும் ஒத்துவரும். ஆனால் "1 முதல் 20 வரை ஆக்குக" என்று கேட்டுவிட்டுக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே என்று சொன்னால் அது அநியாயம். 1 முதல் 9 வரை வரும். 10 க்கு இரண்டு 4 களை ஒட்டி 44 ஆக்க விட வேண்டும்: (44 - 4) ÷ 4. ஒட்ட விட்டாலும் 11 வரவே வராது. வர்க்கமூலத்தை அனுமதித்தால் 44 ÷ (√4 + √4) என்று வரும். தொடர்பெருக்கத்தையும் (4! என்றால் 4 × 3 × 2 × 1 = 24) அனுமதித்தால் 4! ÷ √4 - 4 ÷ 4 என்றும் வரும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள குழுவென்றால் 1 முதல் 10 வரை கேட்டு, ஒட்டுவதை மட்டும் அனுமதியுங்கள். பெரியவர்களுக்கு 20 வரை, வர்க்கமூலமும் தொடர்பெருக்கமும் சேர்த்து. அனுமதித்த குறிகளைப் பலகையின் மூலையில் எழுதி வைத்து, போட்டி முடியும்வரை அழிக்க வேண்டாம்.

காப்ரேக்கர் மாறிலியும் இதே வகை. மகாராட்டிரத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் 1949 இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத ஏதாவது நாலிலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழியுங்கள். விடைக்கும் அதையே செய்யுங்கள். ஏழு படிக்குள் 6174 வந்து நிற்கும். பிழை போகும் இடம் பூச்சியம். 1000 இல் தொடங்கினால் 1000 - 0001 = 999. இதை 0999 என்று எழுதித் தொடர்ந்தால் 9990 - 0999 = 8991, பிறகு 8082, 8532, 6174. முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டு 999 என்றே எடுத்தால் 999 - 999 = 0, கதை முடிந்தது. "நாலு பெட்டி, நாலிலும் இலக்கம்" என்று கட்டம் போட்ட தாளைக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதிக படி எடுக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கும் குழுவுக்குப் புள்ளி என்று வைத்தால் சின்னப் பிள்ளைகளும் கழித்தல் பயிற்சியை முகம் சுளிக்காமல் செய்வார்கள்.

எண்தொடர்க் கேள்விகளை நாங்கள் வைப்பதே இல்லை. 2, 4, 8, அடுத்தது என்ன என்று கேட்டால் 16 என்பீர்கள். 14 என்று ஒருவர் சொன்னால்? வட்டங்களை ஒன்றையொன்று வெட்டும்படி வரைந்துகொண்டு போனால் தாள் 2, 4, 8, 14 துண்டாகத்தான் பிரியும். அவர் சொன்னதும் விதியுள்ள தொடர்தான். வாட்ஸ்அப்பில் சுற்றும் 2 + 3 = 10, 7 + 2 = 63, 6 + 5 = 66, 8 + 4 = ? என்பதும் அப்படியே. முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் பெருக்கி 96 என்பது வழக்கமான விடை. அதே மூன்று வரிக்கும் பொருந்தும் வேறு விதியை யாரும் ஆக்கலாம். கேள்வி கேட்டவரின் மனத்தில் இருப்பதை ஊகிப்பது கணக்கு ஆகாது.

சுடோக்கு வைப்பதானால் பத்திரிகையில் இருந்து கையால் பெயர்க்கும்போது ஒருவர் வாசிக்க ஒருவர் எழுத வேண்டும். வெறும் கட்டத்துக்கு "பூச்சியம்" என்று சொல்லி வாசியுங்கள். தீராத சுடோக்குகளில் கனவற்றுக்குக் காரணம் ஓர் இலக்கம் பக்கத்துக் கட்டத்தில் விழுந்ததுதான். தன் கையால் ஆக்குபவர்கள் கொடுத்த இலக்கம் 17 க்குக் குறையாமல் பார்க்க வேண்டும். 16 இலக்கத்தோடு ஒரே விடையுள்ள சுடோக்கு இல்லை என்பதை 2012 இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கரி மக்குவயர் குழு கணினியைக்கொண்டு காட்டியது. 17 இருந்தாலே ஒரே விடை என்று அர்த்தமில்லை. முடித்த கட்டத்தில் இரண்டு வரிசை, இரண்டு நிரல், இரண்டு பெட்டிக்குள் அடங்கும் நாலு மூலைகளில் 3-7, 7-3 என்பது போல் இரண்டு இலக்கம் மாறி மாறி நின்று, அந்த நாலில் ஒன்றுகூட முன்பே கொடுக்கப்படாமல் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றலாம். விடையும் இரண்டாகிவிடும்.

தராசுப் புதிர்: செய்து வைக்கும் சாமான்

கையில் பிடித்துச் செய்யும் புதிர் ஒன்றாவது இருந்தால் தாளைப் பார்த்தே பயப்படும் ஆக்கள் உள்ளே வருவார்கள். எங்களிடம் உள்ளது தராசும் தீப்பெட்டிகளும். ஒன்பது தீப்பெட்டியில் ஒன்று மட்டும் பாரம் கூட. இரண்டே நிறுவையில் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று மூன்றாகப் பிரித்து நிறுத்தால் எந்த மூன்றில் என்று தெரியும், பிறகு அந்த மூன்றில் ஒன்றுக்கு ஒன்று.

தராசுக்கு 60 செ.மீ நீள மர அடிமட்டம் காணும். முதிரை போன்ற வைரமான சலாகை வேண்டாம், கோலின் பாரம் கூடினால் தராசு மந்தமாகும். சரி நடுவில், 30 செ.மீ கோட்டில், மேல் விளிம்புக்குக் கிட்ட ஓர் ஓட்டை. இரண்டு பக்கமும் அதிலிருந்து 28 செ.மீ தள்ளித் தட்டு தொங்கும் ஓட்டைகள், நடு ஓட்டையைவிட 5 மி.மீ கீழே. நடு ஓட்டை அவற்றைவிடக் கீழே போனால் கோல் கவிழும், நிற்கவே நிற்காது. 2 செ.மீ மேலே போனால் சின்ன வித்தியாசத்துக்கு அசையாது. தட்டுக்கு ஒரேயளவு பிளாஸ்ரிக் மூடிகள். சிரட்டை அழகுதான், ஆனால் கண் உள்ள பாதியும் மற்றப் பாதியும் ஒரு பாரம் இல்லை. தொங்கும் நூல்கள் நீளம் குறைந்து கூடினால் நிறுவை பிழைக்காது. கைகளின் 28 செ.மீ தான் பிழைக்கக்கூடாது. வெறும் தட்டோடு கோல் சாய்ந்தால் உயர்ந்த பக்கத்துக் கோலின் நுனியில் ரேப் சுற்றிச் சரிசெய்யலாம்.

பெட்டிகளுக்கு மணல். மணலை ஒரு முழுநாள் வெயிலில் காயவிட்டு அரித்து எடுங்கள். ஈரமணலை நிரப்பி வைத்தால் அடுத்த கிழமை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாரத்தில் இருக்கும், ஏனென்றால் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிக் காய்வதில்லை. டிஜிற்றல் தராசில் வைத்து, ரேப் ஒட்டி மூடியபின் எட்டுப் பெட்டி 20 கிராம், ஒன்று 22 கிராம் என்று வரச் செய்யுங்கள். ரேப்புக்கும் பாரம் உண்டு, மூடுவதற்கு முன் நிறுத்தால் கணக்குத் தப்பும். வித்தியாசத்தை 5 கிராமாக வைத்தால் கையில் தூக்கியே சொல்லிவிடுவார்கள். மேலே உள்ள வெற்றிடத்தில் பஞ்சு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் குலுக்கிப் பார்த்துச் சத்தத்தில் பிடிப்பார்கள். நாணயத்தில் இதைச் செய்யாதீர்கள். ஒரே பெறுமதி என்றாலும் பழைய குத்தியும் புதிய குத்தியும் பாரத்தில் வேறு.

தேர்ந்த குழுக்களுக்கு 12 பெட்டிப் புதிர்: ஒன்று மட்டும் வேறு, பாரம் கூடவா குறையவா என்று தெரியாது, மூன்று நிறுவை. இதைத் தாளில் வைத்து, முதல் நிறுவையில் எத்தனை பெட்டி வைப்பது, ஏன் என்பதற்குத் தனிப் புள்ளி கொடுக்கிறோம். அந்தக் கேள்வியில்தான் புதிரின் உயிர் இருக்கிறது. 12 பெட்டி, ஒவ்வொன்றும் கூடவோ குறையவோ, ஆக 24 சாத்தியம். ஒரு நிறுவைக்கு மூன்று முடிவு: இடம் தாழும், வலம் தாழும், சமம். முதல் நிறுவைக்குப் பிறகு மிச்சம் இரண்டு, அவை பிரித்துக்காட்டக்கூடியது 3 × 3 = 9 சாத்தியம் மட்டும். மூன்றுக்கு மூன்று வைத்துச் சமமாக வந்தால் ஆறு பெட்டி மிஞ்சும், 12 சாத்தியம், ஒன்பதுக்கு மேல். ஐந்துக்கு ஐந்து வைத்துச் சாய்ந்தால் 10 சாத்தியம், அதுவும் மேல். நாலுக்கு நாலு வைத்தால் எப்படி வந்தாலும் எட்டுத்தான். ஒரு நிறுவையும் செய்யாமலே முதல் படி இதுதான் என்று தெரிந்துவிடுகிறது! இதைச் சொல்லும் குழு மீதியை முடிக்காவிட்டாலும் பாதிப் புள்ளிக்கு முழு உரிமை உண்டு.

தண்ணீர்ப் புதிருக்கு இரண்டு தெளிவான போத்தல். ஒன்றில் 500 மி.லீ, மற்றதில் 300 மி.லீ கோடு, 400 மி.லீ கொண்டுவர வேண்டும். கோட்டைத் தராசில் தண்ணீர் நிறுத்துப் போடுங்கள், 300 கிராம் என்றால் 300 மி.லீ. போத்தலில் அச்சடித்த அளவை நம்பி வாய்வரை நிரப்பினால் அச்சைவிடக் கூடத்தான் பிடிக்கும். பெரியதில் தொடங்கினால் ஆறு படி, சிறியதில் தொடங்கினால் எட்டுப் படி. ஆறுக்கு முழுப் புள்ளி, எட்டுக்கு இரண்டு குறைவு. ஊற்றும்போது ஒட்டுவதும் சிந்துவதும் சேர்ந்து பிழை வரும் என்பதால் 390 முதல் 410 கிராம்வரை சரி. வெயில் காலத்தில் கிணறுகள் அடி போய்விடும், ஒரே வாளித் தண்ணீரை எடுத்து அதற்குள்ளேயே திருப்பி ஊற்றச் சொல்லுங்கள். தொடர்ச்சியாக 600 உம் 400 உம் வைத்து 500 வருமா என்று கேளுங்கள். வராது. இரண்டும் 200 இன் மடங்கு, நிரப்பினாலும் ஊற்றினாலும் 200 இன் மடங்கே மிஞ்சும்.

புள்ளி

ஒரு புதிருக்கு 10 புள்ளி. விடைக்கு 4, வழிக்கு 4, வேறு விடை இல்லை என்று காட்டினால் அல்லது எல்லா விடையும் சொன்னால் 2. முதலில் முடித்த குழுவுக்கு மேலதிகமாக 1, அவ்வளவுதான். வேகத்துக்கு இதைவிடக் கூடக் கொடுத்தால் புதிரை முன்பே அறிந்தவர்தான் வெல்வார்.

"முடியுமா, முடியாதா" வகைக் கேள்வியில் பிரிப்பு வேறு: விடைக்கு 1, காரணத்துக்கு 9. காசு சுண்டிப் பார்த்தாலே பாதி நேரம் சரியாக வரும் விடைக்கு நாலு புள்ளி கொடுப்பது புள்ளியை வீதியில் கொட்டுவது போல. நாலு தெரிவில் ஒன்று என்று கேட்டால் சரிக்கு 3, பிழைக்கு ஒன்று கழியும். கண்ணை மூடிக் குறிப்பவருக்கு நீண்ட ஓட்டத்தில் பூச்சியம்தான் மிஞ்சும். மற்றப் புதிர்களில் பிழையான விடையைத் தாளில் கொடுத்தால் 1 கழியும், ஒரு தடவை திருத்தலாம். கழிவு இல்லாவிட்டால் குழுக்கள் ஊகங்களை வரிசையாக அனுப்பி நடுவரைக் களைக்க வைக்கும்.

முன்பே தெரிந்த புதிர் வரும்போது கை உயர்த்தி "தெரியும்" என்று சொல்பவருக்கு உடனே 3 புள்ளி, அவருடைய குழுவுக்கு. அவர் அந்தப் புதிருக்குத் துணை நடுவராகப் போய் இருப்பார், மற்ற இருவரும் அவர் இல்லாமல் தீர்க்க வேண்டும். கை உயர்த்தியவர் விடையை நடுவரின் காதில் சொல்ல வேண்டும்; பிழை என்றால் 3 புள்ளியும் இல்லை, அந்தப் புதிர் முடியும்வரை குழுவுக்குத் திரும்பவும் ஏலாது.

வழியைச் சொல்பவரைக் குழு தெரிவதில்லை. மூவருக்கும் 1, 2, 3 என்று இலக்கம் கொடுத்துத் தாயக்கட்டை உருட்டி, வந்த ஆள் எழும்பி விளக்க வேண்டும். தீர்த்தவர் வாய் திறக்கக்கூடாது. மற்றக் குழுக்கள் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி கேட்கலாம். இந்த ஒரு விதி வந்தபின் குழுவுக்குள் நடப்பதே மாறிவிடுகிறது. விடை கண்டவர் கடைசி ஐந்து நிமிஷம் மற்ற இருவருக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருப்பார், "விளங்கேல்லை அக்கா, திருப்பிச் சொல்லுங்கோ" என்ற சத்தம் நாலு பக்கத்திலும் கேட்கும். பிள்ளைகளுக்கு விளக்கும்போதுதான் பெரியவர்களின் வழியில் உள்ள ஓட்டையும் வெளியில் வரும்.

உதவிக் குறிப்பு ஒவ்வொரு புதிருக்கும் இரண்டு, முன்பே எழுதி மடித்து வைத்தவை. முதல் குறிப்புக்கு 1, இரண்டாவதுக்கு 2 கழியும். கதி-திகதிக்கு முதல் குறிப்பு "திகதியை இரண்டாகப் பிரித்து எழுதுக", இரண்டாவது "100 × தி ஐக் கதி பிரிக்குமா". நடுவர் வாயால் குறிப்புச் சொல்லக்கூடாது, ஒரு குழுவுக்கு ஒரு சொல் கூடப் போகும்.

நடுவர் எதிர்பாராத சரியான விடை வந்தால் முழுப் புள்ளியோடு மேலும் 2. பட்டிமாட்டுப் புதிர் இதற்கு இடம் கொடுக்கும். 17 மாடு, மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூன்றில் ஒன்று, கடைசிக்கு ஒன்பதில் ஒன்று. அயலவர் ஒரு மாட்டைக் கொண்டுவந்து விட 18 ஆகிறது. 9, 6, 2 என்று பிரித்தால் 17, கொண்டுவந்த மாடு திரும்பப் போகும். "அப்படிப் பிரிக்கவே ஏலாது, பங்குகளைக் கூட்டினால் 17/18 தான் வருகிறது, உயிலே குறையுள்ளது" என்று ஒரு குழு சொன்னால் அதுதான் நல்ல விடை.

அன்றைய நாள்

குழுவைச் சீட்டுப் போட்டுப் பிரியுங்கள், ஆனால் மூன்று சட்டியில் இருந்து: கணக்கில் தேர்ந்தவர் ஒரு சட்டி, பள்ளிப் பிள்ளைகள் ஒரு சட்டி, மற்றவர் ஒரு சட்டி. கேள்வியை வாயால் வாசித்தால் காணாது. பிறிஸ்டல் போட்டில் மார்க்கரால் எழுதித் தூக்கிக் காட்டி, குழுவுக்கு ஒரு தாளும் கொடுக்க வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தாளுக்கு உடுப்புக் கிளிப்பும் தடித்த மட்டையும் தேவை, தராசை அறைக்குள் வைக்க வேண்டும். மாரியில் வெண்கட்டி கரும்பலகையில் பிடிக்காது.

புள்ளிப் பலகையை ஒருவர் எழுத, வேறொருவர் கொப்பியில் தனியாக எழுத வேண்டும். மூன்று புதிருக்கு ஒருதடவை இரண்டையும் ஒத்துப் பாருங்கள். கடைசியில் பார்த்தால் எங்கே பிழைத்தது என்று தேடவே அரை மணித்தியாலம் போய்விடும்.

சமநிலை வந்தால்

21 புளியங்கொட்டையை வைத்து ஒன்று முதல் மூன்று வரை மாறி மாறி எடுப்பது, கடைசிக் கொட்டையை எடுப்பவர் வெல்வது என்ற ஆட்டம் சமநிலைக்கு உதவாது. எதிராளிக்கு எப்போதும் 4 இன் மடங்கை விட்டால் வெற்றி. முதலில் ஒன்றை எடுத்து 20 ஐ விடுபவர் தோற்கவே மாட்டார். 3, 4, 5 என்று மூன்று குவியல் வைத்து, ஒரு குவியலில் இருந்து விரும்பிய அளவு எடுக்கும் ஆட்டத்திலும் தொடங்குபவருக்கே வெற்றி, மூன்று உள்ள குவியலில் இருந்து இரண்டை எடுத்தால். ஆனால் இதைக் கனபேர் அறியார். ஆளுக்கு ஒருதடவை தொடங்கும்படி இரண்டு ஆட்டம் வைக்கலாம்.

அதிலும் ஒன்றுக்கொன்று வந்தால் மதிப்பீடு. ஒரு தம்ளர் நெல்லைக் காட்டி எத்தனை மணி என்று கேட்டு, ஒவ்வொரு குழுவும் இரகசியமாக எழுத வேண்டும். சரியான விடையை முன்பே நிறுத்து வைத்திருக்க வேண்டும். 500 மணி எண்ணி நிறுத்தால் காணும் என்று தோன்றும், ஆனால் ஒரு கிராம் வரை மட்டும் காட்டும் தராசு 12 என்று காட்டினால் உண்மை 11.5 ஆகவும் இருக்கலாம், 12.5 ஆகவும் இருக்கலாம். தம்ளரில் 115 கிராம் நெல் என்றால் விடை 5,000 க்கும் 4,600 க்கும் இடையில் எங்கேயும் நிற்கும். 1,000 மணி எண்ணினால் அந்த இடைவெளி பாதியாகும். எண்ணும் நெல்லும் தம்ளரில் உள்ள நெல்லும் ஒரே மூடையில் இருந்து வரவேண்டும். சம்பா, நாடு என்ற இரண்டு நெல் வகையும் கலந்தால் கணக்கு ஒன்றுக்கும் உதவாது. இரு குழுக்களின் விலகலுக்கும் இடையிலான வித்தியாசம் 100 மணிக்குள் என்றால் அதைத் தராசின் பிழையாகவே எடுத்துச் சமநிலை என்று அறிவித்து, பரிசான கச்சான் பக்கற்றுகளை இரண்டு குழுவுக்கும் பாதி பாதியாகக் கொடுக்கிறோம்.